சப்பரம் குனியும் வளைவு

இந்த வருஷத் திருவிழாவில் அந்தோணியார் சப்பரம் தோல்கிடங்குத் தெருவுக்குள் நுழைந்தபோது என் பக்கத்தில் காயத்ரி நின்றிருந்தாள். நான் ஓய்வு பெற்ற திட்ட அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருப்பவள். சேலத்துப் பெண், எங்கள் ஊருக்கு வந்து அவள் பார்க்கிற முதல் திருவிழா. அந்தத் தெருவின் நடுவில் கேமராக்களும் மின்னணு அறிவிப்புப் பலகையும் மாட்டிய இரும்பு வளைவு ஒன்று உண்டு. சப்பரம் அதன் கிட்டே வந்ததும் நின்றது. சுமந்து வந்தவர்கள் அதைத் தோளிலிருந்து இறக்கி, கைகளைத் தொங்கவிட்டு, தண்டுகளைக் கையால் பிடித்துக்கொண்டார்கள். தெருவோரம் நின்றவர்களில் ஒரு கூட்டமே போய் அவர்களோடு கை கொடுத்தது. “போறமுங்க” என்று ஒரு குரல் கேட்டது. சப்பரம் குனிந்தபடியே வளைவைத் தாண்டியது. “தூக்கறமுங்க” என்றது அதே குரல். மறுபடியும் தோளுக்கு ஏறியது.

“மேடம், சப்பரத்துக்கு மேல இன்னும் எவ்ளோ இடம் இருக்கு. அப்புறம் எதுக்கு இறக்குறாங்க?” என்றாள் காயத்ரி. “அதோட, திண்டுக்கல்ல யாரும் இப்படி ‘ங்க’ போட்டு நான் கேட்டதே இல்லையே. என்னை ‘ஏலே’ன்னு கூப்பிடாத குறைதான்.”

மேளச்சத்தத்தில் நின்று சொல்கிற கதையா அது? வீட்டுக்கு வா, சொல்கிறேன் என்றேன். அவளுக்கு எப்போது நேரம் கிடைக்குமோ தெரியாது. என் ஞாபகமும் நாளுக்கு நாள் வளர்வதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் பிலோமினா. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, ஓவர்சியராகச் சேர்ந்து, சிறுபாலம், சாக்கடை, சத்துணவுக்கூடம், சமுதாயக்கூடம் என்று மாறி மாறிப் பார்த்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றே பாதி வேலைக்காலம் ஓடிவிட்டது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு எரிச்சலைத் தவிர. நாங்கள் தார் போட்டு அந்த வாசனை போவதற்குள் குடிநீர்க் குழாய்க்காரர்கள் வந்து தோண்டுவார்கள். அவர்கள் மூடிய கையோடு தொலைபேசிக்காரர்கள் வருவார்கள். அவர்கள் போனதும் மின்சாரக் கம்பத்துக்குக் குழி. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. கேட்டால் எல்லோரும் “எங்களுக்கு மேலிடத்து உத்தரவு” என்பார்கள். அந்த மேலிடங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த அறைகளில் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

என் வேலைக்காலத்தின் கடைசிப் பகுதியில், ஊரின் சில தெருக்களை ‘ஸ்மார்ட்’ சாலைகளாக்கும் திட்டம் வந்தது. கம்பிகள் எல்லாம் பூமிக்கடியில், நடக்கத் தனிப் பாதை, கேமரா, மழைநீர் வடிகால், எல்லாம். அதற்கென்று ஒரு தனி அலுவலகம் போட்டு என்னையும் அங்கே மாற்றினார்கள். முதல் தெரு, பேகம்பூர் ஓரத்தில் இருக்கும் தோல்கிடங்குத் தெரு. பாதிக் கடைகள் தோல் வியாபாரம், மீதி டீக்கடையும் பரோட்டாக்கடையும். ஒரு முனையில் பள்ளிவாசல், மறுமுனையில் நான் ஞானஸ்நானம் வாங்கிய சின்னக் கோயில். அதாவது நான் வேலை பார்க்கப் போன இடத்தில் பாதிப் பேர் என்னை ‘பிலோமி’ என்று கூப்பிடுகிறவர்கள். மிரட்டி வேலை வாங்க வழியே இல்லை.

அங்கேதான் நாச்சிமுத்து சார் எனக்கு மேலதிகாரியாக வந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர், பேச்சில் எதற்கும் ‘ங்க’ சேர்க்கிற பக்கம். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு டேப். கோபம் வந்தால் மரியாதை கூடும் என்பதுதான் அவரிடம் விசேஷம். சாதாரணமாக இருக்கும்போது “வாங்க”. கோபத்தில் இருந்தால் “வாங்கங்க, உக்காருங்கங்க”. ஜேசிபி ஓட்டுகிறவரிடமும் அப்படித்தான், திட்ட இயக்குநரிடமும் அப்படித்தான். முதல் மாதம் எங்கள் ஆட்கள் அவர் கேலி செய்கிறாரோ என்று சந்தேகப்பட்டார்கள். அப்புறம் பழகிப்போயிற்று.

அவர் வந்ததும் கூட்ட அறையைப் பூட்டிவிட்டார். “உக்காந்து பேசுனா எல்லாத்துக்கும் சரீம்போமுங்க. நின்னு பேசுனாத்தான் கால் வலிக்கும், உண்மை வருமுங்க” என்றார். வாரத்துக்கு ஒருநாள், கடைகள் திறக்கும் முன்னால், எல்லாத் துறை ஆட்களும் தெருவுக்கே வர வேண்டும். மின்சாரம், குடிநீர், பாதாளச் சாக்கடை, தொலைபேசி, போக்குவரத்துப் போலீஸ், ஒப்பந்தக்காரர், கடைக்காரர்கள், ஜமாத், கோயில் கமிட்டி. எல்லோரும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சேர்ந்து நடப்போம். “போலாமுங்களா?” என்று அவர் கேட்டால் நடக்க வேண்டும். “நிக்கறமுங்க” என்றால் நிற்க வேண்டும். இதற்கு எங்கள் அலுவலகத்தில் ‘நடைக்கூட்டம்’ என்று பெயர்.

நடக்கும்போது ஒவ்வொரு துறையும் தன் குழாயோ கம்பியோ எங்கே போகிறது என்று தரையில் கோடு போட வேண்டும். அதற்குப் பெயிண்ட் டப்பா வாங்க உத்தரவு வருவதற்குள் திட்டமே முடிந்துவிடும் என்று, நான் சந்தைப் பக்கம் போய்க் கலர் கோலப்பொடி வாங்கி வந்தேன். குடிநீருக்கு நீலம், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசிக்குப் பச்சை, சாக்கடைக்கு ஊதா. ஊதா வேண்டாம், மஞ்சள்தான் வேண்டும் என்று சாக்கடைக்காரர்கள் சண்டை போட்டது தனிக்கதை. மீசை வைத்த வயர்மேன்கள் குந்தவைத்துச் சிவப்புப் பொடியை விரலால் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்க வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். “கோடு கோணுது பாருங்க, அண்ணே” என்று திருத்தமும் சொல்வார்கள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. மார்கழி பிறந்தது. ஒரு வீட்டு வாசலில் மயிலும் தாமரையுமாகப் பெரிய கலர்க் கோலம். அன்று தோண்ட வந்த ஜேசிபிக்காரர் அதைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்துவிட்டார். “இம்புட்டு லைன் இந்த ஒரு எடத்துல போகுது, நான் கை வைக்க மாட்டேன்” என்று ஒரே பிடிவாதம். நான்கு துறைக்காரர்களும் வந்து, மயில் தங்களுடையது அல்ல என்று தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் வேலையில் இறங்கினார். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் கடைசிவரை கோபம் ஆறவில்லை. தோண்டியதற்கு அல்ல, தாமரையைப் பார்த்து ‘வால்வு’ என்று சொன்னதற்கு.

கோடுகளைவிட முக்கியம் நாச்சிமுத்து சாரின் கேள்வி. ஒரு கம்பம் நட வேண்டும், ஒரு திண்டு கட்ட வேண்டும் என்றால், அந்த இடத்தில் நின்று, “இதுனால யாருக்குங்க இடைஞ்சல்?” என்பார். யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்ல வேண்டும். “யாருக்கும் இல்ல சார்” என்பதை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். “அப்ப இன்னொருக்கா நடந்து பார்த்தர்லாமுங்களா?” என்று திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வெயிலில் மறுபடி நடப்பதற்குப் பயந்தே நாங்கள் யோசிக்கப் பழகினோம். மூலைக்கடைக்கு வரும் சோடா பாட்டில் வண்டி திரும்பாது, இந்த வீட்டுச் சக்கர நாற்காலி ஏறாது, ரம்ஜான் மாதக் கஞ்சி அண்டா வைக்க இடம் இருக்காது என்று ஒவ்வொன்றாக வரும். வந்தால் அவர் முகம் மலரும். கம்பம் ஓரடி நகரும். அப்படி நகர்த்தி நகர்த்தித்தான் அந்தத் தெரு உருவானது.

இப்போது வளைவுக்கு வருகிறேன்.

வளைவை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்று பார்க்க ஒரு நடைக்கூட்டம். அன்றைக்கு ஏற்கனவே வெகுநேரம் நடந்திருந்தோம். செம்பட்டிக்காரரான ஒப்பந்தக்காரர் செல்வராஜ் எல்லோருக்கும் இட்லி சொல்லியிருந்தார். வாழையிலை வாசனை வந்துகொண்டிருந்தது. சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வைக்கோல் லாரி என்றார் ஒருவர். வைக்கோல் லாரி அளவுக்கு உயர்த்தினோம். சந்தனக்கூடு என்றார் ஜமாத் தலைவர் கரீம் பாய். தோல் வியாபாரி அவர்; வெள்ளைத் தாடி, எப்போதும் கையில் ஒரு சிறு விசிறி. சந்தனக்கூடு வண்டியில் வருவது, அதன் உயரம் அவருக்கு மனப்பாடம். அதற்கும் சரியாக இருந்தது. அப்புறம் எங்கள் கோயில் திருவிழாக் கமிட்டியின் சூசை அண்ணன், “சப்பரம் அதைவிட உசரம் சார்” என்றார். உடனே எல்லோரும் கோயில் ஷெட்டுக்குப் போனோம். சப்பரம் அங்கே பலகை மேல் நிற்கிறது. வயர்மேன் பாண்டி ஏணி வைத்து ஏறினார். சூசை அண்ணன் கீழே டேப்பைப் பிடித்தார். நான் எழுதினேன். கரீம் பாய் டேப் சாயாமல் பார்த்துக்கொண்டார். சப்பரத்தின் உச்சிக்கு மேல் ஒரு முழம் விட்டு வளைவை நிறுத்துவது என்று முடிவாயிற்று.

“இதுனால இனி யாருக்குங்க இடைஞ்சல்?” என்றார் சார்.

“யாருக்கும் இல்ல சார்” என்றோம் எல்லோரும் ஒரே குரலில். இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

சார் எங்களைப் பார்த்தார். சாம்பார் வாளியைப் பார்த்தார். “சரீங்க” என்றார். நான் பார்த்து அவர் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

வளைவு வந்தது, நின்றது. கம்பிகள் பூமிக்குள் போயின. விளக்கு எரிந்தது. பெரிய மனிதர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் சில நாட்கள்தான். அந்த மாதக் கடைசியில் நாச்சிமுத்து சாருக்கு ஓய்வு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாங்கள் வழியனுப்பு விழாவுக்குப் பொன்னாடையின் நிறம் பேசிக்கொண்டிருந்தோம்.

முன்பெல்லாம் சப்பரம் வரும்போது அந்தத் தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாண்டி ஒரு நீளமான கவைக்கம்போடு முன்னால் நடப்பார். குறுக்கே போகும் கம்பிகளை அந்தக் கவையால் ஏந்தித் தூக்கிப் பிடிப்பார். சப்பரம் கீழே போகும். கூட்டம் முழுக்க அவரைத்தான் பார்க்கும். இப்போது தெருவில் கம்பியே இல்லை. அடுத்த நடைக்கூட்டத்துக்கு அந்தக் கம்போடு வந்து நின்றார் பாண்டி.

“எனக்கு இனிமே இங்கன சோலி இல்லக்கா. கடைசியா ஒருக்கா நடந்துட்டு, இத மாட்டுக் கொட்டாய்க்கு முட்டுக் குடுக்கப் போறேன்” என்றார். கம்பை நட்டுக்குத்தலாகப் பிடித்து, மீசையை முறுக்கி, சப்பரத்துக்கு முன்னால் போகிற மாதிரி மிதப்பாக நடந்தார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். வளைவுக்குக் கீழே போனதும் கம்பு டங்கென்று இரும்பில் மோதியது.

இன்னும் பலமாகச் சிரித்தோம். பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாந்து கம்பின் கவையைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார்.

“அக்கா” என்றார் மெதுவாக. “கம்பிய நான் இதுக்கும் மேலதேன் தூக்குவேன். அப்பத்தேன் சப்பரம் போகும். நம்ம அளந்தப்ப சப்பரம் எங்கன இருந்துச்சு?”

“ஷெட்டுல.”

“தரையிலதான?”

சூசை அண்ணன் தலையில் கை வைத்தார். சப்பரம் தரையில் போவதில்லை. ஆள் தோளில் போவது. பிறந்ததிலிருந்து அந்தச் சப்பரத்தின் பின்னால் நான் நடந்திருக்கிறேன். சூசை அண்ணன் வாலிப வயதிலிருந்து தோள் கொடுத்தவர். கரீம் பாய் தன் கடை மாடியிலிருந்து வருஷா வருஷம் பார்க்கிறவர். பாண்டி அதற்கு முன்னால் கம்பு பிடித்தவர். இத்தனை பேர் சேர்ந்து டேப் பிடித்து அளந்தோம், ஒருத்தருக்காவது தோள் ஞாபகம் வந்ததா? எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதே சமயம் சிரிப்பும் வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சார் மட்டும் அமைதியாக வளைவுக்குக் கீழே போய் நின்றார். “இதுனால யாருக்குங்க இடைஞ்சல்?” என்றார்.

கரீம் பாய் விசிறியை மடக்கினார். “உங்களுக்குத்தான் சார்” என்றார்.

அது உண்மை. வளைவின் உயரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஊர்வலம் அங்கே முட்டி நின்றால், புதிதாகத் திறந்து வைத்த வளைவைப் பற்றிப் புகார் போகும். புகார் போனால் விளக்கம் கேட்டு மெமோ வரும். ஓய்வு பெறும் நேரத்தில் மெமோ வந்தால் பென்ஷன் நிற்கும், விசாரணை முடிய எத்தனை வருஷமோ. ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் நடந்து சம்பாதித்த நல்ல பெயர், ஊர் பார்க்க அந்த இரும்புக்குக் கீழே நின்றுபோகும். எனக்கு அதை நினைக்கவே தாங்கவில்லை.

அவர் அங்கேயே நின்று திட்ட இயக்குநருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் போட்டார், நாங்கள் எல்லோரும் கேட்கும்படி. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். “பிழை எல்லாருதுங்க. கையெழுத்து என்னோடதுங்க” என்றார்.

“நாச்சிமுத்து, சப்பரம் முட்டி நிக்காமப் போயிட்டா, பராமரிப்பு வேலையோட சேர்த்து வளைவை உயர்த்திக்கலாம். நின்னுருச்சுன்னா நான் விளக்கம் கேட்டுத்தான் ஆகணும். எனக்கு வேற வழியில்ல” என்றார் இயக்குநர்.

“சரீங்க” என்று போனை வைத்தார் சார். எங்கள் பக்கம் திரும்பி, “போலாமுங்களா?” என்றார். வழக்கம்போல நடக்க ஆரம்பித்தோம். இந்தத் தடவை வாயும் சேர்ந்து நடந்தது.

வளைவைக் கழற்றலாமா? கேமராவைப் பொருத்திய கம்பெனிக்காரர்கள் வெளியூரிலிருந்து வர வேண்டும், திருவிழா அதற்குள் முடிந்துவிடும். வேறு தெருவில் திருப்பலாமா என்றார் போக்குவரத்து இன்ஸ்பெக்டர். அவரே, “இந்த வருஷம் திருப்புனா அடுத்த வருஷம் எந்தத் தெருன்னு என் வாசல்லதான் வந்து நிப்பீங்க, வேண்டாம்” என்று வாபஸ் வாங்கிக்கொண்டார். தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவிடலாம் என்றார் செல்வராஜ். சூசை அண்ணன் முகம் சிவந்தது. “தோள் குடுக்குறோம்னு நேந்துக்கிட்டு வாராங்க. வண்டியில வைக்கவா வருவாங்க? கோயில்ல எடுத்தா திரும்பி வர்ற வரைக்கும் தரையில படாது.” உச்சியில் இருக்கும் கிரீடத்தைக் கழற்றினால் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ரோட்டைக் கொஞ்சம் பள்ளமாக்கலாமா என்று கரீம் பாய் ஆரம்பித்தார். ஒரு ரோட்டை ஒரு தடவைக்கு மேல் தோண்டக் கூடாது என்பதற்காகவே இந்தத் திட்டம். சார் அவரைப் பார்த்து, “வேணாமுங்கங்க” என்றார். இரண்டு ‘ங்க’. கரீம் பாய் விசிறியை வீசிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

தெருமுனையில் லாரியிலிருந்து தோல்கட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டை ஒரு நீளத் தண்டில் கோத்து, கையைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, தாழ்வான கிடங்கு வாசலுக்குள் நான்கு பேர் குனியாமல் போனார்கள். நடந்துகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் தன்னால் நின்றோம். “நிக்கறமுங்க” என்று சார் சொல்லவே இல்லை.

“சூசை அண்ணே, தோள்ல இருந்து எறக்கிக் கையில பிடிச்சா தரையில பட்டதா ஆகுமா?” என்று கேட்டேன்.

சூசை அண்ணன் யோசித்தார். “தரையில படாதுல்ல. கையிலதான இருக்கு.” இன்னும் யோசித்தார். “ஆனா தோள்ல தாங்குற பாரத்தக் கையில தாங்க முடியாது பிலோமி. எங்க ஆளுக காணாது. அதுக்கு ரெண்டு பங்கு ஆள் வேணும்.”

“இந்தா இருக்கோம்ல” என்றார் பாண்டி. “எங்க செக்சன்ல அம்புட்டுப் பேரும் வாரோம். கம்புதேன் போச்சு, கை இருக்குல்ல.”

குடிநீர்க்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். செல்வராஜ் தன் வேலையாட்களை அனுப்புவதாகச் சொன்னார். கரீம் பாய் பின்னாலிருந்து முன்னால் வந்தார். “நம்ம லோடுமேன்களுக்குத்தான் இதுல பழக்கம். அவங்கள நடுவுல நிறுத்துங்க. ஊர்வலம் வர்ற நேரம் கிடங்க மூடிர்றேன்” என்றார். அவ்வளவு நாளும் சேர்ந்து நடந்தவர்கள்தானே. ஒருவர் சொன்னால் அடுத்தவருக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஒத்திகை. சப்பரத்தை வெளியே எடுக்க முடியாது. செல்வராஜ் இரண்டு நீளமான சவுக்குக் கம்புகளைக் கட்டி, நடுவே சப்பரத்தின் கனத்துக்குச் சிமென்ட் மூட்டைகளை அடுக்கினார். உச்சிக்கு அடையாளமாகப் பாண்டியின் கவைக்கம்பை நடுவில் நட்டு, அதன் நுனியில் என் சிவப்புக் கைக்குட்டையைக் கட்டினோம். இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். சிமென்ட் மூட்டைக்கு ஊர்வலமா என்று பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் தடவை மானம் போயிற்று. கோயில் ஆட்களுக்கு ஒரு சத்தம், லோடுமேன்களுக்கு ஒரு சத்தம், வயர்மேன்களுக்கு ‘ஹோய்’. யாருடைய சத்தத்துக்கு யார் இறக்குவது என்று தெரியாமல், முன்பக்கம் இறங்கி, பின்பக்கம் தோளிலேயே இருந்தது. மூட்டை ஒன்று உருண்டு விழுந்து செல்வராஜ் முகத்தில் சிமென்ட் பூசியது. ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் பழக்கதோஷத்தில் சார், “ஏனுங்க, நிக்கறமுங்க” என்றார். அத்தனை பேரும் கப்பென்று நின்றார்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழக்கமான ஒரே குரல் அதுதான். சூசை அண்ணன் சிரித்துவிட்டார். “சார், நீங்களே சொல்லுங்க” என்றார்.

சார் வளைவுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். “இறக்கறமுங்க.” எல்லாத் தோளும் ஒன்றாக இறங்கியது. “போறமுங்க.” நகர்ந்தது. நெட்டையானவர்களை ஓரமாகவும் மற்றவர்களை நடுவிலும் மாற்றி நிறுத்தினார். மூன்றாவது நடையில் என் கைக்குட்டை வளைவில் உரசாமல் போயிற்று. அதற்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல்தான் இடம்.

திருவிழா மாலை வந்தது. நான் கோயிலில் ஜெபமாலை சொன்னேனா, வளைவை நினைத்தேனா என்று அந்தோணியாருக்குத்தான் தெரியும். சப்பரம் பூவும் விளக்குமாகத் தெருவுக்குள் திரும்பியது. வளைவின் இரண்டு பக்கமும் ஆட்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வரிசையாக நின்றார்கள். பாண்டியின் ஆட்கள், கரீம் பாயின் லோடுமேன்கள், குழாய்க்காரர்கள். போலீஸ் உடுப்பில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஒரு கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு ஒரு தண்டைப் பிடிக்கப் போனார். கூட்டத்துக்குப் பின்னால் திட்ட இயக்குநர் கை கட்டி நிற்பதையும் பார்த்தேன்.

சார் முன்னால் வந்து நின்றார். சுமந்து வந்தவர்களைப் பார்த்து, “இறக்கறமுங்க” என்றார்.

இறங்கியது. இத்தனை வருஷமும் அண்ணாந்து பார்த்த அந்தோணியார் சொரூபம் முதல் தடவையாக எங்கள் கிட்டத்தில், கிட்டத்தட்ட கண்ணுக்கு நேராக வந்தது. பெண்கள் கையை நீட்டித் தொட்டுக்கொண்டார்கள். மேளம் தானாக நின்றுபோயிற்று. “போறமுங்க.” வளைவுக்குக் கீழே கிரீடம் நுழைந்தது. நாலு விரல் இடத்தில் அது நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டு தெருவே மூச்சை அடக்கியிருந்தது. சப்பரம் வளைவில் முட்டி நிற்கவில்லை. ஓர் அடிகூடத் தயங்கவில்லை. அந்தப் பக்கம் போனதும் சார், “தூக்கறமுங்க” என்றார். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கண் கலங்கிவிட்டது. நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

இயக்குநர் கிட்டே வந்து சாரின் கையைப் பிடித்தார். மெமோ எதுவும் வரவில்லை. மாதக் கடைசியில் சார் குறித்த நாளில் ஓய்வு பெற்றார். பொன்னாடை நிறத்தைப் பற்றித்தான் கடைசிவரை சண்டை.

அடுத்த வருஷத்துக்குள் வளைவை நன்றாக உயர்த்திவிட்டார்கள். சப்பரம் தோளிலேயே தாராளமாகப் போகலாம். அப்படியே போய்விடுவது என்றுதான் கமிட்டியும் முடிவு செய்திருந்தது. ஆனால் வளைவுக்குக் கிட்டே வந்தபோது, பாண்டியும் அவர் ஆட்களும், லோடுமேன்களும், குழாய்க்காரர்களும் யாரும் கூப்பிடாமலே குளித்து வேட்டி கட்டி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். சூசை அண்ணன் அவர்களைப் பார்த்தார். சப்பரத்தைப் பார்த்தார். “ஏலே, எறக்குங்கடா” என்றவர், சட்டென்று திருத்திக்கொண்டு, “இறக்கறமுங்க” என்றார். அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

காயத்ரி, நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இதுதான். ஆனால் இந்த வருஷம் நடந்த மிச்சத்தை நீயே பார்த்தாய், மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நாச்சிமுத்து சார் ஒவ்வொரு திருவிழாவுக்கும் நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். இந்த வருஷமும் வந்தார், கையில் ஒரு ஊன்றுகோலோடு. சப்பரம் வளைவைத் தாண்டியதும் கரீம் பாய் வழக்கம்போல எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். அண்டாவைத் திறந்துவிட்டார்கள். பிரியாணி வாசனை தெரு முழுக்க. நாங்கள் பழைய நடைக்கூட்டத்துக்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கமாக ஒதுங்கினோம். சார் வளைவுக்குக் கீழே நின்று புதிதாக வைத்த பெஞ்சு ஒன்றைப் பார்த்தார். அது காயத்ரி வைத்தது என்று நான் சொன்னேன்.

“நல்லா இருக்குதுங்க” என்றார் அவளிடம். “இதுனால யாருக்குங்க இடைஞ்சல்?”

பாவம், அவளுக்கு என்ன தெரியும். பசி வேறு. “யாருக்கும் இல்ல சார்” என்றாள்.

பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். கரீம் பாய் அண்டாவை மூடச் சொல்லிக் கை காட்டினார். சார் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார்.

“அந்தப் பதிலை ஒரே ஒருக்கா ஒத்துக்கிட்டனுங்க, அம்மிணி” என்றார். “இன்னொருக்கா நடந்து பார்த்தர்லாமுங்களா?”

எல்லோரும் திரும்பி நடந்தோம்.